ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.கே.சி. வீட்டில்



போன இதழில் நான் எழுதிய பராமரிப்பு நிதிக் கணக்கைக் கடைசி வரை எத்தனை பேர் படித்தீர்கள் என்று தெரியவில்லை. படித்தவர் ஒருவர் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டு, அடுத்த முறை எண்கள் இல்லாமல் எதையாவது எழுதுங்கள் சார் என்று கேட்டுக்கொண்டார். அதனால் இந்த முறை ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். எண்கள் கொஞ்சம் வரத்தான் செய்யும். முப்பத்து நாலு வருஷம் வங்கியில் பேரேடு எழுதிய கை, சட்டென்று விடாது.

நான் எழுதப் போவது ரசிகமணி டி.கே.சி. என்கிற டி.கே. சிதம்பரநாத முதலியாரைப் பற்றி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பெயரைப் பார்த்திருப்போம், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம். நானும் அப்படித்தான். பி.காம். படித்தவனுக்குக் கம்பராமாயணத்தோடு என்ன வேலை? நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் ஒரு வருஷம் மழைக்கு ஒதுங்கி நின்ற கடையில், அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு ஒன்று கண்ணில் பட்டது. மழை விடுவதற்குள் இருபது பக்கம் படித்துவிட்டேன். கடைக்காரர் பார்த்த பார்வைக்குப் பயந்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

டி.கே.சி. பிறந்தது 1882 ஆகஸ்ட் 18, ஸ்ரீவில்லிபுத்தூரில், அம்மா வழி வீட்டில். பூர்வீகம் தென்காசி. அப்பா பெயர் தீத்தாரப்ப முதலியார். நிலபுலம் உள்ள குடும்பம். சென்னை கிறித்துவக் கல்லூரியில் பி.ஏ. படித்தார், பிறகு சட்டம் படித்து பி.எல். பட்டமும் வாங்கினார். அந்தக் காலத்தில் பி.எல். என்றால் சும்மா இல்லை. திருநெல்வேலியில் வக்கீல் என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தால் வீடு வாசல் எல்லாம் இரண்டு மடங்காகியிருக்கும். அவர் கோர்ட்டுப் பக்கம் அதிகம் போகவில்லை. வழக்குக் கட்டைவிட வெண்பாதான் அவருக்குப் பிடித்திருந்தது.

பதவிகள் வராமல் இல்லை. 1927ல் சென்னை சட்டசபை உறுப்பினர் ஆனார். 1930லிருந்து 1935 வரை இந்து அறநிலையத் துறைக்கு அன்றிருந்த வாரியத்தில் ஆணையராக இருந்தார். இவற்றை ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிடலாம். அவரை இன்றைக்கும் நாம் நினைப்பதற்கு அந்த நாற்காலிகள் காரணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் உட்கார்ந்ததுதான் காரணம்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவருக்கு வீடு. பழைய காலத்துத் தொட்டிக்கட்டு வீடு. நம் பக்கத்தில் முற்றம் வைத்த வீடு என்போமே, அந்த மாதிரி. நடுவில் வானம் தெரியும், சுற்றிலும் தாழ்வாரம், மழை பெய்தால் தண்ணீர் நடுவில் விழுந்து ஓடும். இங்கே காடாம்புலியூரில் பழைய முந்திரி வியாபாரிகள் வீடு இரண்டொன்றில் இன்னும் அந்த அமைப்பு இருக்கிறது. அந்தத் தொட்டிக்கட்டில் 1920களின் நடுவில் நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கவிதை பேச ஆரம்பித்தார்கள். அதற்கு வட்டத்தொட்டி என்று பெயர் வந்துவிட்டது. பெயர் வைப்பதற்குக் கமிட்டி போட்டதாகத் தெரியவில்லை.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவார்கள். வக்கீல்கள், வாத்தியார்கள், அரசாங்க உத்தியோகஸ்தர்கள், கல்லூரியில் படிக்கிற பையன்கள். சங்கம் என்றால் தலைவர், காரியதரிசி, சந்தா, தீர்மானம் எல்லாம் வேண்டும் அல்லவா? வட்டத்தொட்டிக்கு அந்தச் சம்பிரதாயங்கள் கிடையாது. கோரம் இல்லை என்று கூட்டத்தை ஒத்திப் போட்ட அனுபவம் உள்ள நம் அசோசியேஷன்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேர் வந்தாலும் நடக்கும், இருபது பேர் வந்தாலும் நடக்கும்.

அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டால், ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு பாட்டு. நாலு வரி. டி.கே.சி. அதை மெதுவாகச் சொல்லுவார், திரும்பச் சொல்லுவார், ஒரு சொல்லில் நின்று மறுபடியும் சொல்லுவார். பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும் இருக்கும் அது. கேட்கிறவருக்கு அர்த்தம் விளங்குவதற்கு முன்பே அதன் தாளம் உடம்பில் ஏறிவிடும் என்று அந்த வட்டத்தில் இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் கம்பர். அதோடு முத்தொள்ளாயிரம், நந்திக்கலம்பகம், திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. இலக்கணக் குறிப்பு, பாடபேதம், இன்னாருடைய உரை என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. பாட்டு நல்லா இருக்கிறதா, எங்கே நல்லா இருக்கிறது, ஏன் நல்லா இருக்கிறது, அவ்வளவுதான்.

நாலு வரிக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் செலவழிப்பது கணக்குப்படி பார்த்தால் நஷ்டம் மாதிரித்தான் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தத் தரையில் உட்கார்ந்து எழுந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். பாஸ்கரத் தொண்டைமான், பின்னால் கலெக்டரானவர். தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இன்றைக்கு நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சோழர் காலத்துச் சிலைகள் வயல்வெளிகளிலும் புதர்களிலும் கிடந்தபோது, அவற்றைச் சேர்த்துக் காப்பாற்றியதில் பெரிய பங்கு அவருக்கு. எஸ். மகாராஜன், இளம் வக்கீலாக வந்தவர், பிறகு உயர் நீதிமன்ற நீதிபதி. ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழில் கொடுத்தவர். அ. சீனிவாசராகவன், ஆங்கிலப் பேராசிரியர், தூத்துக்குடியில் கல்லூரி முதல்வர், 1968ல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியவர். இவர்கள் எல்லோருக்கும் வேலை இருந்தது, குடும்பம் இருந்தது, மேலதிகாரி இருந்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

இங்கே என் கதை கொஞ்சம் குறுக்கே வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் பக்கத்து கவுண்டரில் ஒரு நண்பர் இருந்தார். பத்து வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சாயங்காலம் கேஷ் டேலி ஆகாத நாளில் இரண்டு பேரும் சேர்ந்து நோட்டைத் திரும்ப எண்ணுவோம். அவர்தான் எனக்குக் குற்றாலத்தைப் பற்றி அடிக்கடி சொல்லுவார், அவருக்கு அந்தப் பக்கம் ஊர். விருத்தாசலத்தில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தென்காசி, சாரல் சமயத்தில் ஒரு சனி ஞாயிறு போய் வருவோம் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் பேசுவோம். ஒரு வருஷம் ஆடிட், ஒரு வருஷம் என் மகனுக்குக் கவுன்சிலிங், ஒரு வருஷம் அவர் தங்கைக்குக் கல்யாணம். பிறகு அவர் மாற்றலாகிப் போனார். அப்போதும் போனில் பேசும்போதெல்லாம் ரிட்டயர் ஆனதும் போகலாம் என்போம். எனக்கு ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருக்கும்போது அவர் இறந்துவிட்டார். மார்ச் மாதக் கடைசி, கணக்கு முடிக்கிற வாரம். அந்த வாரம் லீவு கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதினாறாம் நாளுக்குத்தான் போனேன்.

அவர் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. சரி, டி.கே.சி.க்கு வருவோம்.

சென்னையில் உத்தியோகம் பார்த்த காலத்திலும் அவர் வீட்டில் நண்பர்கள் கூடுவது நிற்கவில்லை. ஆள் எங்கே போனாலும் தொட்டியும் கூடவே போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். கல்கியும் ராஜாஜியும் அவருக்கு நெருக்கமானார்கள். கல்கி நடத்திய பத்திரிகையில் கம்பரைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அதற்கு முன்னால் அவர் அதிகம் எழுதியவர் இல்லை. வாயால் பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள். அவரை உட்கார வைத்து எழுத வைத்ததும் நண்பர்கள்தான்.

1939ல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் ஆரம்பித்து முதல் கம்பன் திருநாள் நடத்தினார். தலைமை டி.கே.சி. இன்றைக்குத் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊரில் கம்பன் விழா நடக்கிறது. அத்தனைக்கும் விதை அங்கே போட்டது. நம் மாவட்டத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில், 1941ல் தமிழிசைக்காக மாநாடு கூடி, மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று குரல் எழுந்தபோது, அந்த இயக்கத்தின் பக்கம் உறுதியாக நின்றவர்களில் டி.கே.சி. முக்கியமானவர். பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் புரியாத மொழியில் பாட்டு எதற்கு என்பது அவர் கட்சி. சங்கீத வித்துவான்கள் பலருக்கு இதில் கோபம் வந்தது. அவர் சண்டைக்குப் போகவில்லை, விட்டுக் கொடுக்கவும் இல்லை.

அவர் செய்தது எல்லாமே சரி என்று நான் சொல்ல மாட்டேன். கம்பராமாயணத்தில் பெரும்பகுதி பிற்காலத்தில் யாரோ சேர்த்தது, கம்பர் பாடியதே இல்லை என்று அவர் முடிவு கட்டினார். தன் காதுக்குச் சரியாகப் படாத பாட்டை எல்லாம் ஒதுக்கினார். சில இடங்களில் சொல்லையே மாற்றி, கம்பர் இப்படித்தான் பாடியிருப்பார் என்றார். தமிழறிஞர்கள் கொதித்துப் போனார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. பிடிக்காத பதிவை எல்லாம் பேரேட்டிலிருந்து அடித்துவிட்டு, இதுதான் உண்மையான கணக்கு என்று நான் சொல்லியிருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனாலும் ஒன்று. பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு உள்ள ஒரு புத்தகத்தைக் கண்டு பயந்து ஓடிய என்னைப் போன்றவர்களை, இந்த ஒரு பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தவர் அவர்தான். கம்பர் தரும் ராமாயணம் என்று மூன்று பாகமாக அவர் கொடுத்ததைப் படித்துவிட்டுத்தான் நான் மூலத்துக்கே போனேன். பாலகாண்டம் இன்னும் முடியவில்லை.

பிற்பாடு அவர் குற்றாலத்தில் குடியேறினார். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் வீடு. அவர் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

குற்றாலம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் பிடித்தால், மலையைத் தாண்டி இந்தப் பக்கம் சாரல் விழும். வெயிலும் சாரலும் மாறி மாறி வரும். பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, மேலே செண்பகா அருவி, தேனருவி. மூன்று மாதம் ஊரே ஈரமாக இருக்கும். அந்த மூன்று மாதமும் டி.கே.சி. வீடு சத்திரம் மாதிரி ஆகிவிடும். ராஜாஜி வந்து தங்குவார், கல்கி வருவார், எம்.எஸ். சுப்புலட்சுமியும் சதாசிவமும் வருவார்கள். பெரிய மனிதர்கள்தான் வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல் என்ற கிராமத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். கையில் காசு கிடையாது, பெரிய படிப்பு கிடையாது. ஒருவர் கி. ராஜநாராயணன், இன்னொருவர் கு. அழகிரிசாமி. பின்னால் இருவருக்குமே சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. கி.ரா. தம் கடைசிக் காலத்தில் பக்கத்தில் பாண்டிச்சேரியில்தான் இருந்தார், 2021ல் காலமானார். ரசிகமணியைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவர் எழுத்தில் ஒரு பிள்ளைத்தனமான சந்தோஷம் வந்துவிடும்.

காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவது. பசியோடு திரும்பி வருவது. இலை போட்டு தோசை. பிறகு காப்பி, பிறகு பேச்சு, நடுவில் கவிதை. சாப்பாட்டைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் அவர் ஒரே மாதிரிதான் பேசுவார். இன்ன பக்குவத்தில் தோசை வார்த்தால் இன்ன ருசி என்று ரசித்துச் சொல்லுகிற அதே குரலில் இன்ன இடத்தில் சொல் விழுந்தால் இன்ன ருசி என்பார். சோறு வேறு, பாட்டு வேறு என்று அவருக்கு இரண்டு கணக்கு இருக்கவில்லை.

இதை நான் வீட்டில் படித்துக் காட்டியபோது என் மனைவி கேட்ட கேள்வி நியாயமானது. அத்தனை பேருக்கும் தோசை வார்த்தது யார் என்றாள். டி.கே.சி.யின் துணைவியார் பிச்சம்மாள். அடுப்படியில் அவரும் கூட இருந்த பெண்களும். வந்து போனவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளில் தோசையைப் பற்றி வருகிற அளவுக்கு அதை வார்த்த கையைப் பற்றி வரவில்லை. வட்டத்தொட்டியின் வரவு செலவுக் கணக்கை யாராவது எழுதியிருந்தால் முதல் வரியில் அந்த அம்மாள் பெயர்தான் வர வேண்டும்.

சீசன் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். மற்ற ஒன்பது மாதமும் கடிதம். டி.கே.சி. எழுதிய கடிதங்கள் தனித்தனிப் புத்தகங்களாகவே வந்திருக்கின்றன. அவற்றில் பெரிய சமாசாரம் ஒன்றும் இருக்காது. மழை பெய்ததா, அருவியில் தண்ணீர் எப்படி, இன்னார் வந்தார், இந்தப் பாட்டைப் பேசினோம், நீங்கள் கூட இருந்திருக்க வேண்டும். பேசுவது மாதிரியே எழுதுவார். அந்த நாளில் இலக்கியத் தமிழ் என்றால் பல்லை உடைக்கும். இவர் வீட்டுத் தமிழில் எழுதினார். நான் மழைக்கு ஒதுங்கி நின்று இருபது பக்கம் படித்தேன் என்றேனே, அதற்கு இதுதான் காரணம். யாரோ எனக்கு எழுதிய மாதிரி இருந்தது.

நாகர்கோவில் பக்கம் புத்தேரியில் ஒரு பள்ளி ஆசிரியர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று அமைதியாக இருந்தார். பெயர் தேசிகவிநாயகம் பிள்ளை. நாம் கவிமணி என்கிறோம். குழந்தைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கிற பசுவும் கன்றும் பாட்டு அவருடையதுதான். தன்னை முன்னால் தள்ளிக்கொள்ளத் தெரியாத மனிதர். அவர் பாட்டுகளைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கவிமணி என்ற கவிஞர் நம்மிடையே இருக்கிறார் என்று தமிழ்நாட்டுக்குத் தெரிவித்தவர் டி.கே.சி. நண்பனுக்காக நேரம் ஒதுக்குவது என்றால் டீ குடிப்பது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒதுக்கலாம் போல.

அந்த நட்புக்கு ஒரு கடினமான நாளும் வந்தது. டி.கே.சி.யின் மகன் தீத்தாரப்பன். தாத்தா பெயர். நண்பர்கள் வட்டத்தில் தீபன். அவரும் நன்றாக எழுதக்கூடியவர், வட்டத்திலேயே வளர்ந்த பிள்ளை. நாற்பதுகளின் தொடக்கத்தில், இளம் வயதிலேயே அவர் இறந்துபோனார். அவர் எழுதிய கட்டுரைகளைப் பிறகு அரும்பிய முல்லை என்று புத்தகமாகப் போட்டார்கள். தலைப்பே போதும், மேலே சொல்ல வேண்டியதில்லை.

கவிமணி புத்தேரியிலிருந்து இரங்கல் பாட்டு எழுதி அனுப்பினார். அந்தப் பாட்டு வந்ததும் டி.கே.சி. அதைப் படித்தார், திரும்பப் படித்தார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் படித்துக் காட்டி அதன் அழகைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. மகன் போன வீட்டில் பாட்டின் அழகா? மனுஷனுக்குக் கல் நெஞ்சோ என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு வேறு விதமாகத் தோன்றிற்று. பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் செய்து வந்தது அதைத்தான். நாலு வரியை எடுத்துக்கொண்டு நண்பர்கள் நடுவில் உட்காருவது. தாங்க முடியாத நாள் வந்தபோது அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் இருந்திருக்கும். அந்த நாலு வரியை அனுப்பவும் ஒரு நண்பர் இருந்தார், கேட்கவும் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

என் நண்பர் இறந்த வாரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

மகன் போன பிறகும் குற்றாலத்து வீட்டின் கதவு மூடவில்லை. அடுத்த சாரலுக்கும் ஆட்கள் வந்தார்கள். பெரிய வெள்ளை மீசையோடு, சிரித்த முகமாக அவர் உட்கார்ந்திருக்கிற புகைப்படம் ஒன்றைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பை நான் இப்போது பார்ப்பது வேறு மாதிரி.

1954 பிப்ரவரி 16ஆம் தேதி டி.கே.சி. காலமானார். வயது 71. நம் நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் 1956ல்தான் பதிவானது. அவர் இறந்தபோது இந்தப் பக்கம் முழுக்க முந்திரிக் காடும் பலாத் தோப்பும்தான். அதே 1954 செப்டம்பர் 26ல் கவிமணி போனார். டிசம்பர் 5ல் கல்கி போனார், அவருக்கு வயது 55தான். பத்து மாதத்தில் மூன்று பேர். ராஜாஜி மட்டும் 1972 வரை இருந்தார். பதினெட்டு சாரல் காலம். அந்த நண்பர்கள் இல்லாத ஜூன் மாதங்களை அவர் எப்படிக் கழித்தார் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் ஜூலையில் நான் தனியாகவே பொதிகை ஏறிப் போய் வந்தேன். ஐந்தருவியில் வரிசை கட்டி நின்று குளித்தேன். அருவிக்குக் கீழே நிற்கும்போது தலையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. நண்பர் இதை எனக்குச் சொல்லியிருக்கிறார், அருவியில் யாரோடும் சண்டை போட முடியாது, அதற்காகவே பெண்டாட்டியோடு போக வேண்டும் என்பார். திரும்பி நடந்து வரும்போது ரோட்டோரக் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டேன். கடைக்காரர் இரண்டாவது கிளாஸை நீட்டியபோதுதான் கவனித்தேன். இரண்டையும் நானே குடித்தேன்.

நம் குடியிருப்பில் 64 வீடு. நான் இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. எத்தனை பேர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு நாள் விரல் விட்டு எண்ணினேன். ஒரு கையே போதுமாக இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் சொல்லிக்கொள்கிறோம், மோட்டார் ஓடவில்லை என்றால் சத்தம் போடுகிறோம், பார்க்கிங்கில் வண்டி இடித்தால் முகம் தெரிகிறது. இரண்டாவது பிளாக்கில் எனக்கு நேர் எதிர் வீட்டில் இருப்பவர் சுரங்கத்தில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர். அவர் நன்றாகப் புல்லாங்குழல் வாசிப்பார் என்பதே ஒரு நாள் கரண்ட் போனபோது ஜன்னல் வழியாகக் கேட்டுத்தான் தெரிந்தது.

சங்க அறையைப் பழைய நாற்காலிகளும் பெயின்ட் டப்பாவும் வைக்கிற ஸ்டோர் ரூமாக ஆக்கிவிடலாம் என்று போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. யாரும் வருவதில்லையே, பூட்டித்தானே கிடக்கிறது என்றார்கள். உண்மைதான். அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பதாகச் சொல்லி ஒத்தி வைத்திருக்கிறோம். அதுவரை சாவியை என்னிடம் கொடுக்கும்படி செயலாளரிடம் கேட்டேன், கொடுத்துவிட்டார். ஒரு நாள் பெருக்கித் துடைத்தேன். பாய் நாலு என் வீட்டிலிருந்து கொண்டு போய்ப் போட்டிருக்கிறேன். முட்டி வலி உள்ளவர்களுக்கு அந்தப் பழைய நாற்காலிகள் இருக்கின்றன.

வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு அறை திறந்திருக்கும். டி.கே.சி. கடிதப் புத்தகத்தை எடுத்து வருகிறேன். கவிதைதான் பேச வேண்டும் என்று இல்லை. புல்லாங்குழல்காரரிடம் நானே நேரில் போய்க் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். தோசைக்கு என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. பிச்சம்மாளை நினைத்துக்கொண்டு நானும் வற்புறுத்தவில்லை. மசால் வடையும் டீயும் ரோட்டு முனைக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், முதல் வாரச் செலவு என்னுடையது. இது சங்கக் கணக்கில் வராது என்பதை ஆடிட்டர் ஐயாவுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.